புரட்டாசிப் பாயசமும் அவருடைய முழங்கையும்

என் வீட்டுக்காரருடைய ரத்தத்தை முதன்முதலாகப் பார்த்தபோது யாரோ குழாயை மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கண்ணாடிக் குழாயின் அடியில் கறுஞ்சிவப்பாக ரத்தம் உறைந்து கிடந்தது. அதற்கு மேலே மஞ்சளாகத் தெளிந்த தண்ணீர் நிற்க வேண்டுமாம். இவருடைய குழாயில் நின்றது பால். தேங்காயின் முதல் பால் மாதிரி அத்தனை கெட்டி.

"என்னங்க இது, யாரு இதுல பாலை ஊத்தி வெச்சது?" என்று கேட்டேன்.

"நாங்க ஊத்தலம்மா. உங்க வீட்டுச் சாப்பாடுதான் ஊத்தியிருக்கு" என்றார் டிரெஸர். டாக்டருக்கு அடுத்தபடியாக அந்த ஆஸ்பத்திரியில் எல்லாம் அவர்தான். ஊசி போடுவார், கட்டுக் கட்டுவார், டாக்டர் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழிலும் மலாயிலும் எங்களுக்குச் சொல்வார். அதட்டலும் அவர்தான் போடுவார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் அது. என் வீட்டுக்காரர் மலாக்காவில் பொம்பா வண்டி ஓட்டினார். தீயை அணைக்கப் போகும் சிவப்பு வண்டிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். சுதந்திர ஊர்வலத்தில் அந்த வண்டியைக் காகிதக் கொடிகளால் அலங்காரம் செய்து ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டியவர் என் வீட்டுக்காரர்! சாலையோரம் நின்றிருந்த கூட்டத்தில் முட்டி மோதி முன்னால் வந்து, வெட்கமில்லாமல் கை தட்டிக் கூச்சல் போட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீருடையில் இருந்தால் பொண்டாட்டியைத் தெரியாது அவருக்கு.

பிறகு ஒரு வாரம் விருந்துதான். மலாய்க்காரர் வீட்டில் ரெண்டாங் கறி, சீனர் வீட்டில் வாத்து, நம்மவர் வீடுகளில் ஆட்டிறைச்சிப் பிரியாணி. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார், வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். எட்டாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். அந்த வலியைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. எரிகிற வீட்டுக்குள் போகிற மனிதர் தரையில் புரண்டு அழுதார்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் பட்டினி போட்டு வலியை அடக்கினார்கள். அதற்கப்புறம்தான் அந்தக் குழாயை எனக்குக் காட்டினார்கள். டிரெஸர் இவருடைய சட்டைக் கையை மேலே சுருட்டி முழங்கையையும் காட்டினார். மணல் மணலாக மஞ்சள் நிறக் கொப்புளங்கள். அதை நான் வேர்க்குரு என்று நினைத்து இரண்டு மாதமாக வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தேன்.

"வேர்க்குரு இல்லம்மா, கொழுப்பு. ரத்தத்துல இடமில்லாம தோலுக்கு வந்துருச்சு. கொலஸ்ட்ராலும் இருக்கு, இன்னொரு கொழுப்பும் இருக்கு. இவரு குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?"

இருந்தது. இவருடைய அண்ணனுக்கு. கல்யாணமான புதிதில் அவருக்குப் பரிமாறும்போது அதே கொப்புளங்களை அதே முழங்கையில் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நாற்பது வயது. ஆஸ்பத்திரியில் கிடந்த இவருக்கு முப்பத்தொன்பது. நான் இதைச் சொன்னதும் டிரெஸர் அதட்டுவதை விட்டுவிட்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தார். அவர் அதட்டியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மருந்து என்று சொல்ல அப்போது ஒன்றும் இல்லை. வாயைக் கட்டுவதுதான் மருந்து. டாக்டர் ஒரு தாளில் தட்டச்சு அடித்துக் கொடுத்தார். அவித்த உருளைக்கிழங்கு, வெண்ணெய் தடவாத ரொட்டி, ஆவியில் வேகவைத்த மீன் என்று இருந்தது. அதைப் படித்தால் காய்ச்சல்காரருக்குக்கூடப் பசி போய்விடும். இறைச்சி, முட்டை, பன்றிக்கொழுப்பு கூடாது என்பதை டிரெஸர் அடிக்கோடு போட்டுச் சொன்னார்.

எனக்கு ஒரே குஷி. இறைச்சி கூடாது, முட்டை கூடாது, அவ்வளவுதானே? புரட்டாசி பிறக்க இன்னும் நாலு நாள்தான் இருந்தது. வெள்ளைக்காரன் தாள் எதற்கு, நம்மிடம்தான் விரதம் இருக்கிறதே! பெருமாளே பார்த்து நாள் குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மீன் சட்டி, இறைச்சிச் சட்டி எல்லாவற்றையும் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

அந்தப் புரட்டாசியில் நான் சமைத்த சமையலை இப்போது நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது, கூடவே வெட்கமாகவும் இருக்கிறது. அவருக்கு இறைச்சி ஏக்கம் வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு நாளும் ஒரு பலகாரம். தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி, நெய்யில் வறுத்த உருளைக்கிழங்கு, அப்பளம், வடை. சனிக்கிழமைகளில் பகல் முழுவதும் பட்டினி. பட்டினி இருப்பவருக்குத் தெம்பு வேண்டுமே என்று நடுவில் வெல்லத் தண்ணீர், வாழைப்பழம், டின் பால் ஊற்றிய தேத்தண்ணி. சாயங்காலம் படையல் போட்டுவிட்டுப் பெரிய இலை. ஜவ்வரிசிப் பாயசத்தில் எங்கள் ஊர்த் தென்னங்கருப்பட்டி, அதன்மேல் கெட்டித் தேங்காய்ப்பால், அதன்மேல் நெய்யில் பொரித்த முந்திரி. பெரிய கிண்ணத்தில் இரண்டு மங்கு குடிப்பார். மூன்றாவதை நானே ஊற்றுவேன். இறைச்சி இல்லாத சாப்பாடு ஒருவரை என்ன செய்துவிடும்?

ஜாலான் பெண்டஹாராவில் மளிகை வாங்கப் போகும்போதெல்லாம் பார்த்தவர்களிடம் பெருமை அடித்தேன். "அவரு இப்ப சுத்த சைவம். வெங்காயம்கூடச் சேக்கிறதில்ல." கடைக்காரர் மெச்சிக்கொண்டே நெய்யை அளந்து ஊற்றினார்.

புரட்டாசி முடிந்ததும் இரண்டாவது ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றோடு போய், ரத்தம் கொடுத்துவிட்டு, அது உறைந்து மேல்தண்ணீர் பிரியும்வரை வெளிவராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். டிரெஸர் குழாயைத் தூக்கிப் பிடித்தார். முன்னைவிட வெள்ளை.

எனக்கு அடுத்த நொடி கோபம் தலைக்கேறியது. "எங்க தின்னீங்க?" என்று அத்தனை பேர் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "பொம்பா ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற ஒட்டுக்கடையிலயா? ஆட்டுக்காலா? நான் இங்க மாசம் பூரா விரதம் இருந்து சாமிகிட்ட அழுறேன், நீங்க அங்க போயி…" அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி நின்றதே குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது.

டிரெஸர்தான் குறுக்கே வந்தார். "கொஞ்சம் இருங்கம்மா. நேத்து வீட்டுல என்ன சமைச்சீங்க? முந்தாநாள்? சனிக்கிழம?"

நான் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தேன். சொதியைச் சொன்னேன், வடையைச் சொன்னேன். பாயசத்துக்கு வரும்போது அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

"எத்தன மங்கு?"

"மூணு."

"தேங்கா எத்தன?"

"ரெண்டு… பெரிய தேங்கா."

அவர் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரிக்கவில்லை. "தேங்காப்பாலு கொழுப்பும்மா. நெய்யும் கொழுப்பு. சீனி, கருப்பட்டி, வெள்ளச் சோறு, இதெல்லாம் தேவைக்கு மேல போனா உடம்பு அதையும் கொழுப்பாக்கிக்கும். இறைச்சிய நிறுத்திட்டீங்க, சரி. அதுக்குப் பதிலா நாலு மடங்கு வேற வழியில ஊத்திட்டீங்க. இவரு வெளிய ஒண்ணும் தின்னல."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் இப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு அன்றைக்கு இல்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதேன். என் கையாலேயே அவரை அவருடைய அண்ணன் போன இடத்துக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன், அதுவும் சாமி பேரைச் சொல்லி.

காஜா பேராங்கில் எங்கள் அடுத்த வீடு ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பம். அந்த வீட்டுக்காரிக்கு என் வயதுதான். கோயிலில் எனக்கு முன்னால் நின்று விழுந்து கும்பிடுவாள், நெற்றியில் திருநீறு பூசுவாள், ஆனால் மலாய்க்காரி மாதிரி சாரோங் கெபாயாதான் உடுத்துவாள், மலாய்தான் பேசுவாள். அன்றைக்கு வேலி ஓரம் நின்று என் அழுகையைக் கேட்டுவிட்டு விஷயத்தை விசாரித்தாள். கேட்டு முடித்ததும் உள்ளே போய் ஒரு சட்டியோடு வந்தாள். புளியும் மிளகாயும் அரைத்துப் போட்டுக் கொதிக்கவைத்த அசாம் பெடாஸ். உள்ளே கெம்போங் மீன், வெண்டைக்காய். அதில் எத்தனை தேங்காய் என்று கேட்டேன். தேங்காயா, இதற்கு எதற்குத் தேங்காய் என்று மலாயில் திருப்பிக் கேட்டாள்.

நான் கரண்டியால் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய்க் கண்கூட அதிகம் இல்லை. வாயில் ஊற்றினேன். காரம் மண்டைக்கு ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்திலேயே குதித்தேன். தேங்காய்ப்பால் இல்லாமல் ஒரு குழம்பு இத்தனை ருசியாக இருக்க முடியும் என்றால், டாக்டருடைய அவித்த உருளைக்கிழங்கு யாருக்கு வேண்டும்?

அன்றிலிருந்து என் அடுப்படியில் ரகளைதான். எண்ணெய்ப் போத்தலைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்தினேன். தேக்கரண்டியால் அளந்து ஒரு கரண்டி, அதிலேயே கடுகு வெடிக்க வேண்டும். சோறு பாதியாகக் குறைந்தது, அந்த இடத்தில் கங்கோங் கீரை, பாகற்காய், அவித்த கொண்டைக்கடலை. தேத்தண்ணிக்கு டின் பாலும் இல்லை, சீனியும் இல்லை. முதல் நாள் அந்த வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "இது தண்ணியா, மீனு கழுவினதா?" என்று கேட்டார். "ரெண்டும் இல்ல, மருந்து. குடிங்க" என்றேன். குடித்தார். கோழிக் குழம்பு வைத்தால் தோலை உரித்துவிட்டுக் கொதிக்கவைத்து, ராத்திரி முழுவதும் ஐஸ் பெட்டியில் வைத்து, காலையில் மேலே வெள்ளையாகப் படிந்த கொழுப்பைத் தகடு தகடாக எடுத்து எறிவேன். எறியும்போது ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, எதிரியின் வீட்டு ஓடுகளைப் பிரித்து எறிகிற மாதிரி!

ஆனாலும் சந்தேகம் என்னை விடவில்லை. அவர் வேலை முடிந்து வந்ததும் சட்டையை வாங்கி மோந்து பார்ப்பேன். பொரித்த வாசனை வருகிறதா? அவருக்கு அது தெரியும். சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நான் முகர்ந்து முடிக்கும்வரை நிற்பார். புகையும் வியர்வையும்தான் வரும்.

தீபாவளி வந்தது. வீட்டில் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை இல்லாமல் எப்படி? வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது? வீட்டில் இருந்தால் இவர் கை சும்மா இருக்குமா? நான் பலகாரம் எல்லாம் செய்து, டின்னோடு தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிட்டேன். விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் நான் பின்கட்டுக்குப் போய்க் கை காட்டுவேன். அவள் தட்டில் அடுக்கி வேலிக்கு மேலே நீட்டுவாள். இவரோ, வேறு வீடுகளுக்குப் போனால் வற்புறுத்துவார்களே என்று அன்றைக்குக் கூட வேலை செய்யும் ஒரு சீனருக்குப் பதிலாக வேலைக்குப் போய்விட்டார். அந்த யோசனை என்னுடையது இல்லை, அவரே செய்தது. அதையும் நான் அப்போது சந்தேகப்பட்டேன், அங்கே போய் என்ன தின்கிறாரோ என்று.

தீபாவளி கழிந்து இரண்டு வாரம் இருக்கும். காலையில் அவர் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தபோது சோப்புப் போட முழங்கையைப் பிடித்தேன். வழவழப்பு தட்டியது. முந்தின வாரம் எண்ணியபோது இடது கையில் இருபத்திரண்டு இருந்தன. இப்போது எண்ணினேன். பதினான்கு! மறுபடி எண்ணினேன். பதினான்குதான். "ஏங்க, அசையாதீங்க!" என்று வலது கையை இழுத்தேன். அதிலும் குறைந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரி என்னமோ ஏதோ என்று ஓடி வந்தாள். இவர் அவசரமாகத் துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டார். அவளும் வேலிக்கு மேலே எட்டி முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு எண்ண, நடுவில் அந்த மனிதர் சோப்பு நுரையோடு நின்றார்.

அதன் பிறகு எண்ணாத காலை இல்லை. பத்து, ஏழு, நாலு. டிசம்பர் வரும்போது இடது கை சுத்தம். வலது கையில் ஒன்றே ஒன்று பிடிவாதமாக இருந்தது.

மூன்றாவது ரத்தம் எடுக்கிற நாளைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு முதல்நாள் ராத்திரி வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனவர் தண்ணீரைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது. காலை எட்டு மணிக்கு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். நான் எட்டுக்கெல்லாம் போய் நின்றேன். எட்டரை ஆயிற்று, ஆளைக் காணோம். ஆற்றோரம் கொப்பரைக் கிடங்கு விடியற்காலையில் தீப்பிடித்துக்கொண்டதாக அங்கே பேசிக்கொண்டார்கள்.

ஒரு திரிஷா சைக்கிள் வண்டியைப் பிடித்து ஏறினேன். தூரத்திலேயே கொப்பரை கருகும் நாற்றம் வந்தது. தீ அணைந்துவிட்டிருந்தது. கூட்டம் கலையவில்லை. பொம்பாக்காரர்கள் எல்லோரும் கரிக்கட்டையாகச் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை நானா, தமிழ் முஸ்லிம், தட்டு நிறையக் கிளாசுகளோடு வந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டிருந்தார். தீயை அணைத்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பது அங்கே வழக்கம். களைத்து வந்தவர்கள் என்று டின் பாலைத் தாராளமாகவே ஊற்றியிருப்பார்.

என் வீட்டுக்காரர் கையிலும் ஒரு கிளாஸ். அது மெல்ல வாய்க்கு உயர்ந்த மாதிரி எனக்குத் தெரிந்தது.

"குடிக்காதீங்க!" என்று கத்தினேன். "அதக் குடிக்காதீங்க!"

நான் கத்தியது அவரைப் பார்த்து. அது யாருக்குத் தெரியும்? மற்ற ஒன்பது பொம்பாக்காரர்களும் கையிலிருந்ததைத் தரையில் வைத்தார்கள். ஒருவர் வாயில் இருந்ததையே துப்பினார். கூட்டம் நானாவைப் பார்த்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்மா, என் தண்ணியில என்னா கோளாறு? இருவது வருஷமா கட நடத்துறேன்மா!"

"உங்க தண்ணியில ஒண்ணும் இல்ல நானா! இவரு ரத்தத்துலதான்!" என்று சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் இவரைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. நானாவுடைய மானத்தைக் காப்பாற்ற, இவர் கையிலிருந்த கிளாஸை வாங்கி எல்லோர் முன்னாலும் நானே மடமடவென்று குடித்தேன். சுடச்சுட, தித்திப்பென்றால் அப்படியொரு தித்திப்பு. இரண்டு மாதம் கழித்து நான் குடித்த முதல் பால் தேத்தண்ணி. அவருக்கு ஆசை காட்டக் கூடாதென்று நானும் நிறுத்தியிருந்தேன்.

"கிளாஸ் ரொம்பி இருந்துச்சா?" என்று இவர் கேட்டார்.

ததும்ப இருந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை.

"கையி வெறச்சிப்போச்சு. சூட்டுக்குத்தான் புடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

கரியோடும் ஈரத்தோடும் அவரைத் திரிஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஊசி குத்த டிரெஸர் அவர் கையைத் துடைத்தபோது பஞ்சு கறுத்துப்போயிற்று. பிறகு வராந்தாவில் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். என்னால் உட்கார முடியவில்லை, நின்றேன், நடந்தேன், கதவிடுக்கில் பார்த்தேன். இந்தத் தடவையும் வெள்ளையாக இருந்தால் என்ன சமைப்பேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தாயிற்று.

டிரெஸர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதற்குப் பின்னால் தன் விரலை வைத்தார். விரல் தெரிந்தது. நகம் தெரிந்தது. நகத்தில் இருந்த மைக்கறைகூடத் தெரிந்தது. அத்தனை தெளிவு. லேசான மஞ்சள், அவ்வளவுதான்.

"இனிமேயும் இப்படியே சாப்பிடணும், விடக் கூடாது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் காதில் விழவில்லை. தரையில் உட்கார்ந்து, தலையில் கை வைத்து, பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்துவிட்டேன். மூன்று மாதமாக அடுப்படியில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. அவரை அத்தனை பேர் முன்னால் திருடனாக்கியது, மோந்து பார்த்த சட்டைகள், இன்றைக்குக் கத்தியது, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். வாய்விட்டு மன்னிப்பும் கேட்டேன், "என்னய மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்று. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வார்டிலிருந்து ஒரு தமிழ் மிஸ்ஸி, நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், வெள்ளைத் தொப்பியோடு ஓடி வந்தாள். என் பக்கத்தில் மண்டியிட்டு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்கம்மா. யாரும்மா? வீட்டுக்காரரா?"

ஆமாம், அவருக்காகத்தான் அழுகிறேன் என்று தலையை ஆட்டினேன்.

அவள் கண்ணும் கலங்கிவிட்டது. "எப்பம்மா ஆச்சு?"

பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர் என் சத்தத்தில் எழுந்து, கரி பூசிய முகத்தோடு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நான்தான் மிஸ்ஸி அந்த வீட்டுக்காரன்" என்றார். "இன்னும் பசியாறல."